கூலிப்படை வீடு

பெங்களூர்
27 ஜனவரி 1927

மாப்பிள்ளை அழகுசுந்தரத்துக்கு முத்துவீரன் எழுதுவது. இங்கு நான் சுகம். நீங்களும் என் தங்கச்சி அக்கம்மாளும் சுகமாயிருக்க அரியக்குடிப் பெருமாள் துணை.

கப்பல் ஏறச் சொல்லி உத்தரவாகிவிட்டது. எந்த ஊருக்கு என்று எங்களுக்குச் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு கம்பளிக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள், அதனால் குளிர் தேசம் என்று தெரிகிறது. மார்க்கெட்டில் கீரை விற்கிற அம்மாள் "சீனாவுக்காமே" என்று என்னிடம் கேட்கிறாள். பட்டாளத்து ரகசியம் எல்லாம் கீரைக்கடைக்குப் போய்விட்டுத்தான் எங்களிடம் வருகிறது. பத்திரிகைக்காரர் நீங்கள், உங்களுக்கு அதற்கும் முன்னாலேயே தெரிந்திருக்கும்.

சண்டைக் காலத்தில் பஸ்ராவுக்குப் போனபோது எதிரி இன்னார் என்று ஒரு பெயராவது சொன்னார்கள். சீனாக்காரன் நமக்கு என்ன செய்தான் என்று ஜமேதாரிடம் கேட்டேன். "முத்துவீரா, உனக்கு இன்னும் ஒண்ணரை வருஷந்தான் சர்வீஸ் இருக்கு, வாயை மூடிக்கிட்டுப் போயிட்டு வா" என்றார். அவர் சொல்வதும் சரிதான். எங்கள் பட்டாளம் ரோடு போடுவது, பாலம் கட்டுவது, முள்கம்பி அடிப்பது. சுடுகிற வேலை எங்களுக்கு வராது என்று நம்புகிறேன்.

ஆத்தா ஊரில் தனியாக இருக்கிறது. மாதம் ஒரு தடவை நீங்களும் அக்கம்மாளும் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். எனக்குப் போட்ட சோற்றைவிட நம் வீட்டுக் காளைக்குப் போட்ட தீனிதான் அதிகம், அதை மாசி மஞ்சுவிரட்டில் அவிழ்க்காவிட்டால் ஆத்தா ஓயாது. இங்கே எனக்கு நம்பர்தான் பெயர். ஊரில் மடைவீட்டு முத்துவீரன் என்றால்தான் ஆள் தெரியும். சர்வீஸ் முடித்து வந்து, தாத்தாவும் அப்பாவும் செய்தது போல நம் கண்மாய் மடையைத் திறந்துவிட்டுக்கொண்டு இருந்தால் போதும். வேறு ஆசை எனக்கு இல்லை.

இப்படிக்கு
முத்துவீரன்


காரைக்குடி
6 பிப்ரவரி 1927

அன்புள்ள மச்சானுக்கு அழகுசுந்தரம் வணக்கத்துடன் எழுதுவது. அக்கம்மாள் சுகம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

கீரைக்கார அம்மாள் சொன்னது உண்மை. சீன தேசத்தில் ஷாங்காய் என்று ஒரு துறைமுகம். அங்கே வெள்ளைக்காரர் கம்பெனிகளும் பங்களாக்களும் இருக்கின்றன. சீனர்கள் தங்கள் தேசத்தைத் தாங்களே ஆள வேண்டும் என்று கிளம்பியிருக்கிறார்கள். அந்த பங்களாக்களைக் காக்க நம் ஆட்களை அனுப்புகிறார்கள். நம்மைக் கேட்டார்களா? டெல்லி சட்டசபையில் இதைப்பற்றி விவாதிக்க வேண்டும் என்று எழுந்தவர்களுக்கு, அனுமதி இல்லை என்று மேலேயிருந்து உத்தரவு வந்துவிட்டது. பதில் சொல்ல மறுக்கிற சர்க்காரைப் பார்த்திருக்கிறோம். இவர்கள் கேள்வியே கேட்கக் கூடாது என்கிறார்கள். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, மச்சான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சந்தைத் திடலில் கூட்டம் போட்டிருக்கிறோம். நானும் பேசுகிறேன். சம்பளத்துக்காக யாரோடு வேண்டுமானாலும் சண்டை போடுகிற பட்டாளத்துக்கு இங்கிலீஷில் ஒரு சொல் இருக்கிறது. தமிழில் அது சுருக்கென்று தைக்க வேண்டும் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு "கூலிப்படை" என்று வைத்திருக்கிறேன். நம் பிள்ளைகளைக் கூலிப்படை ஆக்க இந்த சர்க்காருக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்கப் போகிறேன். எங்கள் பத்திரிகை ஆசிரியர் அந்தச் சொல்லை மிகவும் மெச்சினார்.

அக்கம்மாள் மட்டும், "எதை வேணும்னாலும் பேசுங்க, எங்கண்ணனை மேடைக்கு இழுக்காதீக" என்று நாலு தடவை சொல்லிவிட்டாள். அவளுக்கு எப்போதும் இந்தப் பயம். உங்களைப்பற்றி என் வாயில் ஒரு குறைச்சொல் வராது என்று உங்களுக்கே தெரியும்.

அன்புள்ள
அழகுசுந்தரம்


ஷாங்காய்
10 மே 1927

ஸ்ரீ அழகுசுந்தரம் அவர்களுக்கு.

தாங்கள் சுகமாக இருப்பீர்கள். நான் இருக்கிறேன்.

ஊரிலிருந்து ஆத்தா சொல்ல, பள்ளிக்கூட வாத்தியார் சூசைமரியான் எழுதிய கடிதம் நேற்று வந்தது. அவர் நல்ல மனுஷர், ஆத்தா சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறார். அப்படியே இதில் எழுதுகிறேன். "முத்துவீரா, காரைக்குடிக் கூட்டத்துல மாப்பிள்ளை உன்னையக் கூலிப்படைன்னு சொன்னாகளாம். பேப்பர்லயும் போட்டிருக்காம். ஊருக்குள்ள எல்லாரும் நம்ம வீட்டைக் கூலிப்படை வீடுங்கிறாக. அது நாயக்கை விடப் பெரிய பதவியா? சம்பளம் கூடுமா?"

நான் நாயக் ஆனபோது ஆத்தா தெருவுக்கே பணியாரம் சுட்டுக் கொடுத்ததாம். இப்போது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சொல்லை சர்க்காருக்காகச் செய்ததாகத் தாங்கள் எழுதியிருந்தீர்கள். சர்க்கார் நம் தெருவுக்கு வருவதில்லை. நான் இங்கே முள்கம்பி ஓரத்தில் நிற்கிறேன். இதற்கு மேல் எழுதக்கூடாது. கடிதத்தைப் படிக்க ஒரு சேலத்துக்காரரைப் போட்டிருக்கிறார்கள்.

முத்துவீரன்


காரைக்குடி
15 ஜூன் 1927

அன்புள்ள மச்சானுக்கு.

நீங்கள் "தாங்கள்" போட்டு எழுதியதைப் பார்த்ததும் கடிதத்தை அக்கம்மாளுக்கு வாசித்துக் காட்ட எனக்கு நா எழவில்லை. அவளே வாங்கிப் போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு மட்டும் வருகிறது, பேச்சு வருவதில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்கு நல்ல திரள். நான் சர்க்காரைத்தான் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து ஒருவர் எழுந்து, "உங்க மச்சானும் அந்தக் கப்பல்லதானே போயிருக்காரு, அவரு யாருங்க?" என்றார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஊராருக்கு ஒரு நியாயம், சொந்தக்காரனுக்கு ஒரு நியாயமா என்று நினைப்பார்களே என்று எனக்கு ஆங்காரம் வந்துவிட்டது. "யாரு போனா என்ன? என் சொந்த மச்சான், மடைவீட்டு முத்துவீரன் போனாலும் அது கூலிப்படைதான்" என்று சொல்லிவிட்டேன். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. அப்படி ஒரு கைதட்டலை நான் இதுவரை கேட்டதில்லை. ஆசிரியர் அதையே தலைப்பாகப் போட்டார்.

நான் உங்களைக் குறைத்துச் சொல்லவில்லை, மச்சான். என் வீட்டாள் என்றுகூடப் பார்க்காமல் பேசுகிறேன் என்று காட்டத்தான் சொன்னேன். அது உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன்.

ஆத்தாவைப்பற்றிக் கவலைப்பட வேண்டாம். போன வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். என்னிடமும் அதையே கேட்டது. அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி அர்த்தம் சொல்ல? "ஆமாத்தா, நாயக்குக்கு மேல" என்று சொல்லி வைத்தேன். ஆத்தாவுக்கு அவ்வளவு சந்தோஷம். மனசு நோகாமல் ஒரு காரியத்தை முடித்தேன் என்று திரும்பினேன். ஊர்ப்பேச்சு நாலு நாளில் ஓய்ந்துவிடும்.

அன்புள்ள
அழகுசுந்தரம்


ஷாங்காய்
2 செப்டம்பர் 1927

மாப்பிள்ளைக்கு.

உங்கள் கடிதம் சுற்றிச் சுற்றி வந்து நேற்றுத்தான் கிடைத்தது. முதல் காரியமாக ஆத்தாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பெருமை வந்தால் வாய் நிற்காது. தண்ணீர்த் துறையிலும் சந்தையிலும் "எம்மகன் கூலிப்படை" என்று அதுவே சொல்லிக்கொண்டு திரியும். ஊர் ஒரு பேரை வைத்தால் மறந்தாலும் மறக்கும். வீட்டுக்காரி வாயாலேயே சொன்னால் எப்படி மறப்பார்கள்? இந்தக் கடிதம் கண்ட அன்றைக்கே போங்கள். கோபத்தில் எழுதவில்லை, கும்பிட்டுக் கேட்கிறேன்.

இங்கே நடந்தது ஒன்றையும் எழுதுகிறேன். சேலத்துக்காரர் மை போட்டு அடித்தால் அடிக்கட்டும். போன மாதம் ஒரு நாள் நாங்கள் அடித்த கம்பிக்கு அந்தப் பக்கம் பெருங்கூட்டம் வந்துவிட்டது. பள்ளிக்கூடப் பையன்கள், ஆலைப் பெண்கள், கிழவர்கள். எங்களையும் துப்பாக்கியில் குண்டு போட்டு நிற்கச் சொன்னார்கள். சுடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்தக் கூட்டம் எங்களைப் பார்த்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தியது. இந்த ஊர்ப் போலீஸில் ரொம்ப வருஷமாக இருக்கிற ஒரு சீக்கியர் பக்கத்தில் நின்றார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவர் சொல்ல மாட்டேன் என்றார். விடாமல் கேட்ட பிறகு, "சம்பளத்துக்கு ஆள் அடிக்க வந்தவன் என்கிறார்கள்" என்றார்.

நீங்கள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த சொல் இங்கே முன்னமே இருக்கிறது, மாப்பிள்ளை. நீங்கள் சொன்னது பொய் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். எங்களை இங்கே அனுப்பியது தப்புத்தான். அனுப்பியவன் பெயர் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. என் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஊர் திரும்பும் உத்தரவு சீக்கிரம் வரும் என்கிறார்கள். பெங்களூருக்கு எழுதுங்கள்.

முத்துவீரன்


காரைக்குடி
11 மார்ச் 1928

அன்புள்ள மச்சானுக்கு.

இத்தனை மாதம் நான் எழுதாததற்குக் காரணம், எழுதினால் இதைத்தான் எழுத வேண்டும் என்பதுதான். நீங்கள் கும்பிட்டுக் கேட்டும் நான் ஆத்தாவிடம் சொல்லவில்லை. இரண்டு தடவை போனேன். முதல் தடவை என் கையில் சுளகு நிறைய முறுக்கைக் கொடுத்து உட்காரச் சொன்னது. இரண்டாம் தடவை யாரோ வந்திருந்தார்கள். அடுத்த மாதம் சொல்லலாம், அடுத்த மாதம் சொல்லலாம் என்று மாசி வந்துவிட்டது.

மஞ்சுவிரட்டுக்கு நம் காளையைக் கொம்பு சீவி, புதுத் துண்டு கட்டி ஆத்தா தானே பிடித்துக்கொண்டு வந்தது. நானும் அக்கம்மாளும் கூட நின்றோம். ஒவ்வொரு மாடாக வீட்டுப் பேர் சொல்லி அவிழ்த்தார்கள். நம் முறை வந்ததும், "கூலிப்படை வீட்டுக் காளை வருது, வழி விடுங்கப்பா" என்று கத்தினார்கள். திடல் முழுக்கச் சிரித்தது. ஆத்தாவும் சிரித்தது, மச்சான். பெருமையாகச் சிரித்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல், எதிர்வீட்டுக் கருப்பி கிட்டே வந்து காதோடு அர்த்தத்தைச் சொல்லிவிட்டாள்.

ஆத்தா என் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, பெரிய பதவின்னு நீங்கதானே சொன்னீக?" என்றது. நான் ஊர் ஊராகப் போய் சர்க்காரே பதில் சொல் என்று கேட்கிறவன். எனக்குப் பதில் வரவில்லை. மாடு திரும்பி வரும்வரை ஆத்தா அங்கேயே நின்றது, பிறகு அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. அக்கம்மாள் தட்டியும் திறக்கவில்லை. மறுவாரம் மாட்டை விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நான் சும்மா இருக்கவில்லை. ஊர்ச் சாவடியில் நின்று, அந்தப் பேரைச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். "எந்தப் பேரைங்க?" என்று ஒருவன் கேட்டான். நான் சொல்லிக் காட்ட வேண்டியதாயிற்று, மறுபடியும் சிரித்தார்கள். பத்திரிகையில் அரைப் பக்கம் மறுப்பு எழுதினேன். "கூலிப்படை வீடு அல்ல, மடைவீடு" என்று தலைப்பு. அதுவரை அந்தப் பெயர் நம் ஊரோடு இருந்தது. இப்போது தேவகோட்டையிலும் கேட்கிறார்கள்.

படை அனுப்பியது யார் பொறுப்பு என்று சர்க்காருக்கு எங்கள் பத்திரிகை எழுதிய மனுவுக்கும் பதில் வந்தது. மனு கிடைத்தது என்று ஒரு வரி. அவ்வளவுதான். அவர்கள் மேல் ஒரு தூசி படவில்லை.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் இல்லை. நீங்கள் வந்தால் உங்கள் காலில் விழுகிறேன். வாருங்கள்.

அழகுசுந்தரம்


கோலார்
8 செப்டம்பர் 1928

மாப்பிள்ளைக்கு முத்துவீரன் எழுதுவது.

சர்வீஸ் முடிந்து கையில் பென்ஷன் காகிதம் கொடுத்துவிட்டார்கள். ஊருக்கு வண்டி ஏறத்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன், வண்டி வந்தும் எழுந்திருக்கவில்லை. கூட வந்தவர் ஒருவர் கோலாருக்குக் கூப்பிட்டார், வந்துவிட்டேன். இங்கே ஒரு சுரங்கத்தில் வாசல் காவல். இந்த ஊரில் எல்லோரும் கூலிதான், அதனால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை.

ஊருக்கு வந்து நான் மடை திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். கூலிப்படை திறந்த தண்ணீர் என்பார்கள். ஒரு தடவை சொன்னால் பொறுத்துக்கொள்வேன். ஒவ்வொரு வருஷமும் சொல்வார்கள். பஸ்ராவில் காலில் குண்டு பட்டதை நான் ஆத்தாவிடம்கூடச் சொன்னதில்லை. இது அதைவிட வலிக்கிறது என்று உங்களிடம் சொல்கிறேன்.

உங்கள் மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். ஆனால் நீங்கள் கேட்டது கேட்க வேண்டிய கேள்விதான். நீங்கள் கேட்பதை நிறுத்திவிட்டதாக அக்கம்மாள் எழுதச் சொல்லியிருந்தாள். அதுவும் எனக்குச் சந்தோஷமாக இல்லை.

ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். நான் போனால் ஆத்தா இருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும், அது கோலாருக்கு வராது என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஒரு நடை போய் ஊர் நிலவரத்தைப் பாருங்கள். அந்தப் பேர் ஓய்ந்திருந்தால் ஓய்ந்தது என்று எழுதுங்கள், மறுநாளே புறப்படுகிறேன். ஓயவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். மனசு நோகக்கூடாது என்று மாற்றி எழுதிவிடாதீர்கள். ஆத்தாவிடம் செய்ததை என்னிடமும் செய்யாதீர்கள்.

முத்துவீரன்


காரைக்குடி
14 அக்டோபர் 1928

அன்புள்ள மச்சானுக்கு.

நேற்று ஊருக்குப் போனேன். மழை பெய்திருக்கிறது, கண்மாயில் பாதிக்குத் தண்ணீர் நிற்கிறது. போகிற வழியெல்லாம் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு போனேன். டீக்கடையில் உட்கார்ந்தேன், சாவடியில் நின்றேன். யாரும் அந்தப் பேரைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. சூசைமரியான் வாத்தியாரைக் கேட்டதற்கு, "இப்ப யாரும் கேலியாச் சொல்றதில்லைங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது. ஓய்ந்துவிட்டது, புறப்பட்டு வாருங்கள் என்று உங்களுக்கு எழுத வேண்டிய வரிகளை நடந்துகொண்டே மனசுக்குள் கோத்துக்கொண்டு போனேன்.

ஆத்தா வீட்டுக் கதவு திறந்திருந்தது. மாசிக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குத் திறந்திருக்கிறது. மெலிந்துவிட்டது. "வாங்க" என்றது, தண்ணீர் கொடுத்தது. அக்கம்மாளைக் கேட்டது, உங்களைக் கேட்டது. "அவன் கம்பளி வச்சிருக்கானா, அங்குட்டுக் குளிருமாமே" என்றது. கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் வாசல்படியிலேயே நின்றுகொண்டு, நீங்கள் வரப்போகிறீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது தெருவில் தயிர்க்காரி வந்தாள். வெளியூர்க்காரி, இளம்பெண். தலையில் பானை. இந்த ஊருக்கு வர ஆரம்பித்தே கொஞ்ச நாள்தான் இருக்கும். அவளுக்கு ஷாங்காயும் தெரியாது, சந்தைத் திடலும் தெரியாது, என்னையும் தெரியாது. நம் வீட்டுக்கு நேரே வந்து நின்று, அக்கம்பக்கத்தில் யாரையும் கூப்பிடுவது போல, கேலி கிண்டல் எதுவும் இல்லாமல், "கூலிப்படை வீட்டாத்தா, தயிர் வேணுமா?" என்று கேட்டாள்.

வாத்தியார் சொன்னது பொய்யில்லை, மச்சான். கேலியாக யாரும் சொல்வதில்லை.

வாசலை அடைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஆத்தா உள்ளே போய் ஒரு செம்பை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றது. பிறகு, "நம்மளைத்தான் கூப்பிடுறா, மாப்பிள்ளை. கொஞ்சம் வழி விடுறீகளா?" என்றது.

அழகுசுந்தரம்